காட்டோர ஊர்களும் மாற்றுத் தொழில்களும்: மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகரையிலிருந்து பாணமை வரை காட்டை ஒட்டிய ஊர்களில் எந்தக் கூட்டம் நடந்தாலும் இந்தக் கேள்விகள் எழாமல் போவதில்லை. மாதர் சங்கத் தலைவிகள் கேட்கிறார்கள், வேலை தேடும் இளைஞர்கள் கேட்கிறார்கள், புதிதாக நியமனம் பெற்ற உத்தியோகத்தர்கள் கேட்கிறார்கள், கையில் திட்டத்தோடு கொழும்பிலிருந்து வருபவர்களும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்தும் பதில் ஒன்று கிடையாது. தெரிந்ததை நேராகச் சொல்லியிருக்கிறோம்.

காட்டோர ஊர் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

மட்டக்களப்பில் வாகரை, கிரான் பிரதேசங்களின் உட்புற ஊர்கள், குடும்பிமலையைச் சுற்றியவை, படுவான்கரையில் உன்னிச்சை, தாந்தாமலை, வெல்லாவெளிப் பக்கத்து எல்லைக் கிராமங்கள். அம்பாறையில் திருக்கோவிலுக்கு மேற்கே கஞ்சிகுடிச்சாறு, தங்கவேலாயுதபுரம், தெற்கே பொத்துவில்லின் ஓரங்கள், லகுகல, பாணமை, உள்நாட்டில் மகாஓயாப் பக்கத்துப் பொல்லேபெத்த. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பழங்குடியினரான வேடர் எல்லாரும் இதற்குள் இருக்கிறார்கள். பேசும் மொழி மாறும். கையில் காசில்லாத மாதங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

காட்டை அழிப்பவர்கள் இந்த ஊர் மக்கள்தானே?

பங்கு உண்டு. இல்லை என்றால் பொய். சேனைக்காக, அதாவது காட்டை வெட்டி எரித்துச் செய்யும் மேட்டுநிலப் பயிருக்காக, காடு வெட்டப்படுகிறது. முதிரையும் பாலையும் இரவில் உழவு இயந்திரத்தில் போகின்றன. தேன் எடுக்க மூட்டிய தீ கச்சான் காற்றில் பற்றிப் படர்கிறது.

ஆனால் கணக்கைப் பெரிய தொகையிலிருந்து தொடங்குவதுதான் முறை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கினார்கள். நீருக்கடியில் போன காட்டில் வேடர்களின் வாழிடங்களும் இருந்தன. அணைக்குக் கீழே குடியேற்றத்துக்கும் வயலுக்குமாக வெட்டப்பட்டது இன்னொரு பெருங்காடு. அதன் பிறகு மகாவலி ஆற்றுத் திட்டம். போர்க்காலத்தில் வீதியோரக் காடுகள் பாதுகாப்பின் பெயரில் வெளியாக்கப்பட்டன. 2009இல் போர் முடிந்த பின் வீதி வந்தது, அதன் வழியே மண் அள்ளும் பெக்கோ இயந்திரமும் வந்தது. ஒரு குடும்பம் கத்தியும் கோடரியுமாக ஒரு பருவம் முழுக்க வெட்டும் பரப்பை அது ஒரு நாளில் துடைத்துவிடும். மரக்கடத்தலில் பிடிபடுபவர் பெரும்பாலும் கூலிக்கு மரம் ஏற்றிய ஆள். காசு போட்டவர் பெயர் வழக்கில் வருவது அபூர்வம்.

நான்கு தேனீப் பெட்டி கொடுத்துப் பெக்கோவை நிறுத்த முடியாது. அதனால் ஒரு திட்டம் வரும்போது, எந்தச் சேதத்தைக் குறைக்கப் போகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மாற்றுத் தொழில் கிடைத்தால் மக்கள் காட்டுக்குப் போவதை விட்டுவிடுவார்களா?

தானாக விடமாட்டார்கள். ஏன் என்பது மாதக் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

மானாவாரி ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒக்டோபர், நவம்பரில் மழை விழுந்ததும் விதைப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி உண்டு, வீட்டில் நெல்லும் உண்டு. குளத்து நீர் பாயும் கண்டங்களில் சித்திரைக்குப் பிறகு சிறுபோகம் தொடங்கும். மானாவாரி ஊருக்கு அது இல்லை. மே மாதத்துக்குப் பிறகு சேமித்த நெல் குறைகிறது, வேலை இல்லை, காட்டுப் பாதைகள் காய்ந்து உழவு இயந்திரம் போகக்கூடியதாகின்றன, தேன் பருவமும் ஆண்டின் நடுப்பகுதியில்தான். காட்டுக்குள் ஆள் நடமாட்டம் கூடுவது இந்த மாதங்களில்தான். பாடசாலைச் செலவு, கோயில் திருவிழா, கடன் தவணை எதுவும் இந்த மாதங்கள் கழியட்டும் என்று காத்திருப்பதில்லை.

இப்போது ஒரு திட்டம் வந்து வீட்டுத்தோட்ட மரக்கறி விதை கொடுக்கிறது. மாரியில் நன்றாகக் காய்க்கும். வருமானம் வருவது ஏற்கெனவே கூலி கிடைக்கும் காலத்தில். ஜூலையில் கிணறு வற்றியதும் தோட்டமும் காய்ந்துவிடும், ஆள் பழையபடி கோடரியோடு புறப்படுவார். அறிக்கையில் ‘பயனாளிகள்’ எண்ணிக்கை மட்டும் குறையாமல் நிற்கும்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இந்த வீட்டிலிருந்து காட்டுக்குப் போவது யார், எந்த மாதத்தில், எதற்காக? புதிய தொழில் அதே ஆளின் கையில் அதே மாதத்தில் காசைத் தராவிட்டால், அது கூடுதல் வருமானமாக இருக்கலாம். காட்டுக்கு மாற்றாக இருக்காது. மனைவிக்குத் தையல் இயந்திரம் கொடுத்துக் கணவன் மரம் வெட்டுவதை நிறுத்த எதிர்பார்ப்பதும் இந்த வகைதான். தையல் நல்ல தொழில், அதில் மறுப்பில்லை. ஆனால் இரண்டுக்கும் முடிச்சுப் போடுவதற்கு முன் அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காட்டில் தேன், கிழங்கு, விறகு எடுப்பது குற்றமா?

எந்தக் காடு என்பதைப் பொறுத்தது. இதில்தான் குழப்பம் அதிகம், வழக்குகளும் அதிகம்.

இரண்டு திணைக்களங்கள், இரண்டு சட்டங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் கையில் இருப்பது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கல்லோயா, மாதுரு ஓயா, லகுகல, குமண போன்ற தேசிய பூங்காக்கள் இதன் கீழ் வருகின்றன. பூங்காவுக்குள் எதையும் எடுக்க முடியாது. நுழையவே அனுமதிச்சீட்டு வேண்டும். சரணாலயம் வேறு, அதற்குள் தனியார் காணியும் குடியிருப்பும் இருக்கலாம். மக்கள் வன இலாகா என்று சொல்லும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில் இருப்பது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம். ஒதுக்குக் காட்டில் மரம் மட்டுமல்ல, தேனும் மெழுகும்கூட அந்தச் சட்டத்தில் காட்டு விளைபொருள்தான். அனுமதியில்லாமல் எடுத்தால் குற்றம். மான், மரை, உடும்பு வேட்டை எங்கே நடந்தாலும் குற்றம்; உரப்பையில் இறைச்சி கொண்டுவந்து வீடு வீடாக விற்பவருக்கும் இது பொருந்தும்.

இவை இரண்டிலும் அடங்காத மிச்சக் காடுகளின் கதை தனி. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றுநிருபம் அவற்றை வன இலாகாவின் பாதுகாப்பில் வைத்தது. 2020இல் அதை நீக்கி மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் அதிகாரம் கொடுத்தார்கள். சேனைக்காரருக்கு நிலம் கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. எங்கள் அச்சம் வேறு: இப்படித் திறக்கும் கதவில் முதலில் நுழைபவர் சேனைக்காரராக இருப்பதில்லை.

நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதை ஊரார் ஒரு குழுவாகப் போய், வன உத்தியோகத்தரையும் கிராம உத்தியோகத்தரையும் வைத்துக்கொண்டு, வரைபடத்தோடு நடந்து பாருங்கள். போருக்குப் பிறகு இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் பழைய தோட்டங்கள் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்த சம்பவங்கள் கிழக்கில் நிறைய. பழைய அனுமதிப்பத்திரம், தென்னை மரத்தின் வயது, உடைந்த கிணறு எல்லாம் சாட்சிதான். கையில் துண்டுக் காகிதம் எது இருந்தாலும் எறிந்துவிட வேண்டாம்.

வேடர்களுக்கு இதில் தனி உரிமை இல்லையா?

அவர்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. பழங்குடி மக்களுக்கான 169ஆம் இலக்கச் சர்வதேசத் தொழில் சாசனத்தில் இலங்கை இணையவில்லை. 2007இல் ஐ.நா. பொதுச்சபையில் பழங்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. 1994இல் உயிர்ப்பல்வகைமைச் சாசனத்தையும் ஏற்றது, அதன் 8(ஜே) பிரிவு பழங்குடிகளின் மரபறிவை மதிக்கச் சொல்கிறது. காகிதத்தில் இருப்பது இவ்வளவு.

காட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட கதை நீண்டது. 25,900 ஹெக்டேயரில் கல்லோயா தேசிய பூங்கா 1954இல் வந்தது. 1983 நவம்பரில் மாதுரு ஓயா பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது வேடர் குடும்பங்கள் ஹெனானிகலை போன்ற மகாவலிக் குடியேற்றங்களுக்கு நகர்த்தப்பட்டன. நெல் வயல் கொடுத்தார்கள். தேனும் வேட்டையும் போயின. வேடர் தலைவர் ஊருவரிகே திசாஹாமி போக மறுத்துத் தம் ஊரான தம்பானையிலேயே இருந்து 1998இல் மறைந்தார். மாற்றுத் தொழில் பற்றிப் பேசுபவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் மாதுரு ஓயா என்பது எங்கள் கருத்து. அங்கே ஈடு இல்லாமல் போகவில்லை. ஒருவரைக் கேளாமல் அவருக்குத் தொழில் தீர்மானிக்கப்பட்டது.

தம்பானையைத் தெரிந்த பலருக்கு வாகரையைத் தெரியாது. பனிச்சங்கேணி, மாங்கேணி, குஞ்சங்குளம், கதிரவெளி, ஏறாவூர்ப்பற்றில் களுவன்கேணி என்று கரையோரமாக வாழும் வேடர்கள் தமிழ் பேசுபவர்கள். களப்பில் மீனும் இறாலும், காட்டில் தேனும் கிழங்கும், மேட்டில் சேனை, மற்ற நாளில் கூலி என்று கலந்த வாழ்க்கை. 2012 குடிசன மதிப்பீட்டின் இன அட்டவணையில் வேடருக்கென்று தனி நிரல் இல்லை, ஆகவே இவர்கள் தமிழருக்குள் கரைந்து எண்ணப்பட்டார்கள். போரும் சுனாமியும் இரண்டும் அடித்த கரை இது. ஆனால் பழங்குடிகளுக்கென்று வரும் உதவி தம்பானையோடு நின்றுவிடுகிறது.

தேனீ வளர்ப்பு உண்மையில் கைகொடுக்குமா?

கைகொடுக்கும், பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் இரண்டு பருவமாவது கூட இருந்தால்.

இலங்கையில் தேன் தரும் இனங்கள் நான்கு. பாறையிலும் உயர்ந்த கிளையிலும் பெரிய ஒற்றை அடை கட்டும் பெருந்தேனீ, செடி கொம்பில் சின்ன அடை கட்டும் கொம்புத்தேனீ, கொட்டாத கொசுத்தேனீ, மரப்பொந்தில் பல அடை கட்டும் இந்தியத் தேனீ. முதல் இரண்டும் பெட்டிக்கு வராது. பெட்டிக்கு வழக்கமாக வருவது பொந்துத் தேனீதான். பிற நாடுகளின் காணொளியில் பார்க்கும் மஞ்சள் நிற ஐரோப்பியத் தேனீ இங்கே இல்லை. அந்த விளைச்சலை எதிர்பார்த்துக் கடன் எடுக்க வேண்டாம். நம் பெட்டியில் ஆண்டுக்குச் சில போத்தல்தான் வரும். ஆனாலும் செலவு குறைவு, சுத்தமான தேனுக்கு விலை உண்டு, பெரும்பாலும் பணம் வருவது நாம் மேலே சொன்ன வெறும் மாதங்களில்.

காட்டோர ஊருக்கு ஒரு பலம் உண்டு: பாலை, வீரை, புளி, வேம்பு, தென்னை, களப்போரத்தில் கண்ணா மரம் எல்லாம் கிட்டத்தில் இருக்கின்றன. பலவீனமும் உண்டு. வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் வாரத்தில் பெட்டி வயலோரம் இருந்தால் கூட்டம் செத்துவிடும். எறும்பு, மெழுகுப்பூச்சி, கடும் வெயில் மூன்றும் தேனீயைப் பெட்டியை விட்டுக் கிளம்ப வைக்கும். காலடியில் தண்ணீர்க் கிண்ணம், மேலே ஓலைக் கூரை, பூ இல்லாத காலத்தில் கொஞ்சம் சீனிப்பாகு என்று பார்த்துக்கொண்டால் நிற்கும். அடை முழுவதையும் பிழியக் கூடாது. புழு இருக்கும் பகுதியை விட்டுத் தேன் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். அடைக் கண்கள் மெழுகால் மூடப்படுவதற்கு முன் எடுத்தால் நீர்த்தன்மை 20 சதவீதத்துக்கு மேல் நின்று, தேன் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிவிடும்.

காட்டுத்தேன் எடுப்பவரைத் தேனீ வளர்ப்பாளராக மாற்றலாம் என்று திட்டங்கள் எண்ணுகின்றன. நடப்பதென்னவோ பெட்டியைப் பார்ப்பது மனைவியும் பிள்ளைகளும், அவர் பழையபடி காட்டில். அதில் தவறில்லை. தேன் எடுப்பவர் தீயைக் கவனமாக அணைத்துவிட்டு வந்தால், அடையின் புழுப்பகுதியை விட்டுவைத்தால், அவரால் காட்டுக்குப் பெரிய கேடு எதுவும் இல்லை. காட்டுத்தீயை முதலில் கண்டு சொல்பவரும் அவராகத்தான் இருப்பார். தேன் எடுக்கும் உரிமையை முறைப்படி அனுமதித்து, தீக்கு அவரையே பொறுப்பாக்குவது தடை போட்டு விரட்டுவதைவிட மலிவு.

சீனிப்பாகு கலந்த தேன் பஸ் நிலையங்களில் மலிந்துவிட்டதால் நல்ல தேனையும் நம்ப ஆளில்லை. சங்கத்தின் பெயர், ஊர், எடுத்த மாதம் எழுதிய சுட்டுத்துண்டு ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஆண்டு அதே வீட்டுக்கு விற்க முடிந்தால் இடைத்தரகர் தேவையில்லை.

சேனையை விட்டுவிட்டு மேட்டுநிலத்தில் என்ன செய்யலாம்?

பழைய சேனையில் குரக்கன், இறுங்கு, பயறு, எள், பூசணி எல்லாம் கலந்து நின்றன. நிலம் ஆண்டுக்கணக்கில் ஆறப்போடப்பட்டது. இன்று அதே பெயரில் நடப்பது கம்பனி விதையும் உரமும் வாங்கி ஒரே சோளனாகப் போடுவது. 2018 இறுதியில் படைப்புழு வந்தபோது அம்பாறைச் சோளக் காணிகள் பட்ட பாடு நினைவிருக்கும். யானைக்கும் சோளன் என்றால் கொள்ளை ஆசை.

நிலையான காணி உறுதி இருந்தால் கஜு நல்ல தெரிவு. மட்டக்களப்பின் மணல் கலந்த மண் அதற்கு ஒத்துவருகிறது, பழம் வருவதும் வறண்ட பருவத்தில். எலுமிச்சை, தோடை, எள், மிளகாய் ஆகியவற்றை யானை பெரிதாக நாடுவதில்லை. வஸ்கமுவப் பக்கத்தில் வீட்டைச் சுற்றித் தோடை நட்டு யானையைத் தடுக்கும் முயற்சியே நடந்திருக்கிறது. ஆனால் மரப்பயிருக்கு மூன்று, நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். காணிக்கு உறுதி இல்லாதவர் மரம் நடமாட்டார். நாளைக்கு யாருடையதாகும் என்று தெரியாத நிலத்தில் அவர் ஏன் நட வேண்டும்? சேனை தொடர்வதற்குப் பாதிக் காரணம் இந்தக் காணிச் சிக்கல்தான், சோம்பலோ அறியாமையோ இல்லை.

விறகுக்கு என்ன வழி?

வேலியில் கிளிரிசிடியா நடுங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும், இலை ஆட்டுக்கும் உரத்துக்கும் ஆகும். 2022 எரிவாயுத் தட்டுப்பாட்டில் நகரமே விறகுக்குத் திரும்பியபோது வேலி மரம் வைத்திருந்தவர்கள் காட்டுக்குப் போகவில்லை. சொந்தக் காணியில் நட்ட தேக்கை வெட்டி ஏற்றுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும், பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் சொந்த வளவிலேயே அனுமதியின்றித் தறிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கண்டல் நட்டால் காசு தருகிறார்களே, நடலாமா?

கண்டல் என்பது களப்போர உவர்நீரில் வளரும் சதுப்பு மரம். நடுவதற்கு முன் இடத்தைப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுக்கக் கண்டல் நடும் ஆரவாரம் நடந்தது. அப்படி நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி, ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஹெக்டேயரில் தேறியது ஏறத்தாழ 200 ஹெக்டேயர். நீர்மட்டம் பொருந்தாத இடம், தவறான இனம், நட்டபின் கவனிப்பின்மை, மாடு மிதித்தல் என்று காரணங்கள். கண்டல் முன்பு நின்று அழிந்த இடத்தில், நீரோட்டம் அடைபட்டிருந்தால் அதைத் திறந்துவிட்டாலே விதை தானாக வந்து முளைக்கும். அதற்குப் படம் எடுக்க ஒன்றும் இல்லாததால் நன்கொடையாளருக்குப் பிடிக்காது.

நின்றிருக்கும் கண்டலை வைத்தே பிழைக்க வழி உண்டு. பொத்துவில் களப்பில் மீனவர்கள் துடுப்புப் படகில் பயணிகளை ஏற்றிக் கண்டலையும் பறவையையும், அதிர்ஷ்டமிருந்தால் கரைக்கு வரும் யானையையும் காட்டுகிறார்கள். இயந்திர ஓசை இல்லை, எண்ணெய்ச் செலவு இல்லை. மட்டக்களப்பு வாவியிலும் பனிச்சங்கேணியிலும் நண்டு, இறால் பிடிப்பவர்களுக்குக் கண்டல் வேர்தான் குஞ்சுகள் வளரும் அறை. அதை வெட்டி அடுப்பெரித்தால் அடுத்த மாரியில் வலை இலேசாக வரும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015இல் கண்டல் முழுவதையும் பாதுகாக்கும் தேசியத் திட்டம் தொடங்கியபோது, கரையோரப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து, பதிலுக்குக் கண்டலைக் காக்கும் பொறுப்பை அவர்களிடம் விட்டார்கள். யோசனை நல்லது. கடன் பற்றிக் கீழே பேசுவோம்.

மாடு வளர்ப்பு?

மட்டக்களப்புத் தயிருக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. சிக்கல் புல்லில் இருக்கிறது. பெரும்போகம் விதைத்ததும் வயலோரத்திலிருந்து பட்டிகள் மேய்ச்சற்தரைக்குப் போயாக வேண்டும். மயிலத்தமடு, மாதவணைப் பகுதியில் பயிர்ச்செய்கைக்காக மேய்ச்சல் நிலம் பிடிக்கப்படுகிறது என்று பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். மேய்ச்சற்தரை போனால் பட்டி காட்டுக்குள்தான் ஏறும். காட்டைக் காக்க வேண்டுமென்றால் மேய்ச்சற்தரையையும் வர்த்தமானியில் எல்லையிட்டுக் காக்க வேண்டும். இதைச் சூழல் பிரச்சினையாக யாரும் பேசுவதில்லை.

யானைத் தொல்லை இருக்கும்போது காட்டைக் காக்கச் சொல்வது நியாயமா?

இரவு முழுக்கப் பரணில் இருந்துவிட்டு வந்தவரிடம் காட்டின் அருமையைப் பேசினால் அவர் கோபப்படுவது நியாயம்தான். 2019இல் மட்டும் இந்த நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் செத்தார்கள்.

மின்வேலியைக் காட்டு எல்லையில் போட்டால் இரண்டு பக்கமும் யானை நிற்கும், வேலியைப் பராமரிக்க ஆளிருக்காது. பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் கொடுத்த தேசியச் செயற்திட்டம் வேறு வழி சொன்னது: வேலியை ஊரைச் சுற்றிப் போடுங்கள், ஊராரே பராமரிக்கட்டும், வயலுக்கு விதைப்போடு போட்டு அறுவடையோடு கழற்றும் பருவவேலி. அறுத்த வயலில் யானை மேய்ந்துவிட்டுப் போகும். செலவு குறைவு, ஆனால் வேலியடியில் புல் வெட்ட முறை வைத்து ஆள் வர வேண்டும். அந்த முறை நடக்கும் ஊரில் வேலி வேலை செய்கிறது.

குப்பையை மறக்க வேண்டாம். அம்பாறை பள்ளக்காட்டில் திறந்த குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. அந்தக் குப்பை காட்டோர ஊரின் குப்பை அல்ல, நகரங்களின் குப்பை.

சுற்றுலாவை நம்பலாமா?

பாதி நம்பலாம். பொத்துவில் பக்கத்து அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் ஏப்ரல் முடிவிலிருந்து செப்டெம்பர் வரை. வெறும் மாதங்களோடு சரியாகப் பொருந்துகிறது. குமணவில் பறவைகள் கூடு கட்டும் காலமும், உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் காலமும் இதற்குள் வருகின்றன. சேனநாயக்க சமுத்திரத்தில் தீவுக்குத் தீவு நீந்தும் யானையைப் படகிலிருந்து பார்க்க ஆள் வருகிறது. வழிகாட்டி, படகோட்டி, சமையல், தங்குமிடம் என்று வேலை உண்டு.

ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல், 2020 கொரோனா, 2022 எரிபொருள் வரிசை என்று அடுத்தடுத்து மூன்று அடி விழுந்தது. மாட்டை விற்றுப் படகு வாங்கியவர் என்ன ஆனார் என்று யோசியுங்கள். இரண்டாவது தொழிலாக வைத்துக்கொள்ளலாம்.

வேடர் ஊர்களில் பயணிகளுக்காக ஆட்டம் போடச் சொல்வதையும், சாரத்தைக் கழற்றிக் கோவணம் கட்டச் சொல்வதையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. காட்டில் கூட்டிப்போய்த் தடம் பார்ப்பது, மருந்துச் செடி காட்டுவது போன்றவை அறிவுக்குக் கிடைக்கும் கூலி. அதற்கு விலையை அவர்களே வைக்கட்டும்.

சிறுகடன் எடுத்துத் தொடங்கலாமா?

கிழக்கில் நுண்கடன் கதையை அறியாதவர் இல்லை. வாரத் தவணை, மூன்று பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்குப் போனது. வாரத்துக்கு வாரம் தவணை கேட்கும் கடனை, வருடத்துக்கு ஒருமுறை தேன் தரும் பெட்டிக்கு எடுக்கக் கூடாது. தவணை நாளில் காசில்லாதவர் காட்டுக்குத்தான் போவார். கடன் கொடுத்த திட்டமே காட்டை வெட்டவைக்கும். சங்கத்தின் சுழற்சி நிதியில் எடுங்கள், விளைச்சல் மாதத்தில் திருப்பிக் கட்டும்படி பேசிக்கொள்ளுங்கள்.

காட்டோடு தொடர்பில்லாத தொழில்கள்?

மருதமுனைக் கைத்தறி, பன்பாய், பனையோலைப் பொருள்கள். பன்னும் பனையும் ஊருக்குள்ளேயே கிடைப்பவை. சந்தை இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். நாற்பது பேருக்கு ஒரே கூடை பின்னக் கற்பித்தால் நாற்பது கூடையும் ஒரே கடையில் தூசி படியும்.

சமூக வனம் என்றால் என்ன, நமக்குக் கிடைக்குமா?

காட்டின் ஒரு பகுதியை ஊர்ச் சங்கம் வன இலாகாவோடு ஒப்பந்தம் போட்டுப் பராமரிப்பது. பதிலுக்கு விறகு, தேன், மருந்துச்செடி போன்றவற்றில் பங்கு. 1907ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கிராமக் காடு என்ற ஏற்பாடு இருக்கிறது, பயன்பட்டது குறைவு. அவுஸ்திரேலிய நிதியுதவியோடு 2012இல் தொடங்கிய திட்டம் வரண்ட, இடை வலயங்களின் 18 மாவட்டங்களில் இதைச் செய்தது. திட்டக் காசு நின்றதும் சங்கம் நிற்குமா என்பதுதான் எங்கும் சோதனை. ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், எந்தப் பொருளில் எவ்வளவு பங்கு, வெளியாள் வந்து வெட்டினால் யார் வழக்குப் போடுவது ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்து வைக்க அவசரப்பட வேண்டாம். காவல் காக்கும் கடமை மட்டும் ஊருக்கு, பலன் இன்னொருவருக்கு என்ற ஒப்பந்தங்களும் வரும்.

நாங்கள் ஊரில் தொடங்க நினைக்கிறோம். முதல் கூட்டத்துக்கு யாரை அழைப்பது?

வழக்கமாகக் கூட்டத்துக்கு வருபவர்களை விட்டுவிட்டுத் தேடிப் பிடியுங்கள்: தேன் எடுப்பவர், மரத்துக்குப் போகும் இளைஞர், பட்டிக்காரர், விறகு விற்றுப் பிள்ளை வளர்க்கும் அக்கா. களப்புக்குப் போகிறவர்கள் திரும்பிய பிறகு, மாலையில் வையுங்கள். பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்தையும் கீறி, எந்த மாதம் எதில் காசு வருகிறது, எந்த மாதம் கடன் வாங்குகிறோம் என்று அவர்களையே அடையாளமிடச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் புளியங்கொட்டை போதும். வன இலாகா உத்தியோகத்தரை இரண்டாம் கூட்டத்துக்குக் கட்டாயம் அழையுங்கள். முதல் கூட்டத்துக்கு வேண்டாம். சீருடை முன்னால் இருக்கும்போது ஜூலையில் எங்கே போகிறோம் என்று யாரும் வாய்திறக்க மாட்டார்கள்.